வலம்புரிப் பொட்டு

மாதம்மாளைக் குளிப்பாட்டி, கோடிப் புடவை போர்த்தி, கால் கட்டைவிரல் இரண்டையும் கை கட்டைவிரல் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டி முடித்த பிறகுதான் காவேரி வந்து சேர்ந்தாள். சென்னையிலிருந்து பாலக்கோடு தாண்டி உள்ளே வர ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. வழியெல்லாம் கல்லு மாதிரி உட்கார்ந்து வந்தவள், வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்ததும் உடைந்துபோனாள். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், மாநிலத்துக்கே அடையாளப் பொட்டு கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்று பள்ளிப் பாடத்தில் கால் பக்கம். அதெல்லாம் தெருமுனையோடு நின்றுவிட்டது. பந்தலுக்குள் அவள் மாதம்மாளின் தங்கச்சி, அவ்வளவுதான்.

அழுது ஓய்ந்த பிறகு அக்கா மகன் மாதேஷைத் தனியே கூப்பிட்டாள். லாரி ஓட்டுகிறவன், முப்பது வயது, ஒரே பிள்ளை.

"மூச்சு வாங்குதுன்னு ஆடி மாசமே அக்கா சொன்னாளேடா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"போனோம் சின்னம்மா. இதயத்துல வால்வு மாத்தணும், அரசாங்கத் திட்டத்துல இலவசமாப் பண்ணிடலாம்னு தேதி கூடக் குடுத்துட்டாங்க. அப்புறம் பேரு இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன் இல்லேன்னாங்க?"

மாதேஷ் தரையைப் பார்த்தான். "பொட்டு போலியாம்."

காவேரிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை என்றுதான் தோன்றியது. மறுபடி கேட்டாள். அவன் அதையே சொன்னான்.

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். சின்னம்மா ஆபீஸ்தானே, ஒரு போன் போட்டா சரியாயிடும்னு சொன்னேன். அம்மா என் தலைமேல கைய வெச்சு சத்தியம் வாங்கிடுச்சு. ஏன்னு கேட்டா வாயத் தெறக்கல."

இங்கே பொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கைரேகை வைத்தால்தான் அரிசி என்று ஒரு காலம் இருந்ததே, அப்போது ரேகை தேய்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பட்டுக்கூடு வேகவைக்கும் தொட்டியில் காலம் முழுக்கக் கைவிட்டு நூல் நுனி பிடித்த பெண்களுக்கு விரல் வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடை இயந்திரம் அவர்களைப் பார்த்து 'யாரோ' என்றது. மாதம்மாளையும் அப்படித்தான் சொன்னது. பதினொரு வயது மூத்த அந்த அக்கா, அப்பா அம்மா போன பிறகு வெந்நீர்த் தொட்டியில் கைவிட்டுத்தான் காவேரியைப் படிக்கவைத்தாள். அவள் வெறும் பையோடு கடையிலிருந்து திரும்பி வந்ததை விடுமுறைக்கு வந்திருந்த காவேரி கண்ணால் பார்த்தாள். பொட்டு பிறந்தது அந்தக் கோபத்தில்தான்.

அது ஒரு சாயம். தோலுக்கடியில் ஊசியால் வைக்கும் கடுகளவுப் புள்ளி. சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீல விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளிர்வது பெரிய விஷயமில்லை, ஆயிரம் சாயம் ஒளிரும். இதன் ஒளி முறுக்கிக்கொண்டு வரும். சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இருக்கிறதல்லவா, அதுபோல அந்தச் சாயத்தின் மூலக்கூறிலும் இரண்டு ஜாதி; ஒன்று கண்ணாடியில் தெரியும் இன்னொன்றின் பிம்பம். ஒன்று வலப்புறம் சுழலும் ஒளியைத் தரும், மற்றது இடப்புறம். சாதாரணமாகச் செய்தால் இரண்டும் பாதிக்குப் பாதி பிறந்து, ஒன்றின் சுழலை மற்றொன்று அடித்துவிடும். ஒரே ஜாதியை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தை காவேரியின் ஆய்வகத்தில் மட்டும்தான் இருந்தது. கள்ளப்பொட்டு குத்துகிறவனிடம் பச்சை ஒளி இருக்கும், சுழல் இருக்காது. கருவி சுழியம் என்று காட்டிவிடும்.

எந்த ஜாதியை வைப்பது என்ற கேள்வி வந்தபோது, "ரெண்டும் ஒண்ணுதாங்க, எதுன்னாலும் சரி" என்றாள் காவேரி. அமைச்சர் யோசிக்கவே இல்லை. வலம்புரிதான் விசேஷம் என்று கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து ஊருக்கே அது வலம்புரிப் பொட்டு.

எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. தோள்பட்டையில் வைக்கலாம் என்றாள் காவேரி. துறைச் செயலாளர் சிரித்தார். "ரேஷன் கடையில பொம்பளைங்க ஜாக்கெட்டைத் தளர்த்திக்கிட்டு நிக்கணுமா மேடம்? கட்டைவிரல் வைக்கிற இயந்திரம் ஊர் ஊருக்கு இருக்கு. உள்ள கண்ணாடியை மட்டும் மாத்தினாப் போதும்" என்றார். பேச்சில் நியாயம் இருந்தது. காவேரி ஒப்புக்கொண்டாள். முதல் பொட்டை இதே ஊரில், நூற்புக் கொட்டகையில் வைத்து, தன் கையாலேயே மாதம்மாளின் வலது கட்டைவிரலில் குத்தினாள். ஊசி பட்டதும் மாதம்மாள், "எங்களுக்கு வெந்நித் தொட்டியிலயே வலிக்காது. நீ என்னாடி எறும்பு கடிச்சாப்புல குத்தற" என்று சொல்லிச் சிரித்தாள். பத்து வருஷம் ஆயிற்று.

அதனால்தான் 'போலி' என்ற சொல்லைக் காவேரியால் ஏற்க முடியவில்லை. ஆறு கோடிப் பேர் விரலில் அந்தப் பொட்டு இருக்கிறது. அதில் எது போலி என்று கேட்டாலும் அவளால் கருவி இல்லாமல் சத்தியம் பண்ண முடியாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பண்ணலாம். அந்த ஒன்றைத்தான் போலி என்கிறார்கள்.

காரில் எப்போதும் ஒரு கைக்கருவி கிடக்கும். எடுத்துவந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள். இரு விரலையும் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு உள்ளே, வலது கட்டைவிரலில் மட்டும் தனியாக ஒரு துணிச் சுற்று இருந்தது. பழசு, மஞ்சள் கறை படிந்தது.

"இது என்ன?"

"அது ஆறு மாசமா அப்பிடித்தான்" என்றாள் பூங்காவனம். மாதம்மாளுக்குப் பக்கத்துத் தொட்டியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். "சுட்டுருச்சுன்னு சொல்லும். அவுக்கவே அவுக்காது. குளிப்பாட்டறப்பவும் எங்களுக்கு அவுக்க மனசு வரல."

"நான் இதை அவுக்கணும்."

பெண்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கட்டிய கட்டை அவிழ்ப்பது நல்லதில்லை, எடுக்கிற நேரத்தில் இதென்ன கூத்து என்று ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள். காவேரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூங்காவனம்தான் கிழவியை அடக்கிவிட்டு, குனிந்து தன் பல்லால் முடிச்சைத் தளர்த்திக் கொடுத்தாள்.

உள்ளே தீக்காயம் ஒன்றும் இல்லை. வெந்து வெந்து வெளுத்த, ரேகையில்லாத, அக்காவின் விரல்தான் இருந்தது. காவேரி கருவியை வைத்தாள். பச்சை ஒளிர்ந்தது. முறுக்குக்கான எண் ஏறவேயில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சுழியம். மூன்றாவது முறையும் சுழியம்.

"போதும் சின்னம்மா" என்றான் மாதேஷ். "இப்ப வந்து பார்த்து என்ன ஆவப் போவுது."

அவன் சொன்னது சரிதான். காவேரி துணியை முன்போலவே சுற்றி, இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. பொழுது சாய்வதற்குள் மாதம்மாளை எடுத்தார்கள்.

மறுநாள் காலை, மூன்றாம் நாள் காரியம்வரை இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டு, காவேரி நூற்புக் கொட்டகைக்கு நடந்தாள். ஊரில் துக்கம் என்றாலும் தொட்டி காத்திருக்காது. கூட்டுக்குள் பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் நூல் போயிற்று. உள்ளே ஆவியும் புழு வெந்த நாற்றமும் முகத்தில் அடித்தன. சின்ன வயதில் பழகிய நாற்றம்தான். ஆனாலும் அவளுக்குக் குமட்டியது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பூங்காவனம் கொதிக்கும் தொட்டிக்குள் கையை விட்டு, மிதக்கும் கூடுகளைப் புரட்டி, நான்கைந்து நூல் நுனிகளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலே இழுத்தாள். பக்கத்தில் குளிர்ந்த தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டாள். உடனே மறுபடி வெந்நீர். காவேரி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரத்தில் நூறு தடவைக்குமேல் உள்ளே போய் வந்தது.

ஆய்வகத்தில் சூட்டுச் சோதனை செய்யாமல் இல்லை. உடம்புச் சூட்டில் நாற்பது வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள். பாத்திரம் கழுவுகிற வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். சோதனைக்கு விரல் கொடுத்தவர்கள் எல்லாம் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும்தான். இந்தத் தொட்டி கொடுத்த சோற்றைத் தின்று வளர்ந்தவளுக்கு, இந்தத் தொட்டி மட்டும் ஞாபகம் வரவில்லை.

"பூங்காவனம், உங்க விரலைக் காட்டுங்க."

சுழியம். பூங்காவனம் கையை உதறிக்கொண்டு, "எனக்கும் போலின்னுதாம்மா காயிதம் வந்திருக்கு" என்றாள் சாதாரணமாக. "இந்தக் கொட்டகையிலயும் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற கொட்டகையிலயும் சேர்த்து முப்பத்தோரு பேருக்கு வந்திருக்கு. கள்ளப்பொட்டு குத்துனோம்னு கேசு. திங்கக்கெழம கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. மாதம்மாக்கா தப்பிச்சுக்கிச்சு."

காவேரி கொட்டகையில் இருந்த ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டாள். இங்கே எத்தனை வருஷமாக வேலை என்று கேட்பாள், விரலைக் கருவியில் வைப்பாள், அட்டையில் குறித்துக்கொள்வாள். நூற்றுக்கு இத்தனை என்று கருவி காட்டும். ஏழு வருஷம் தொட்டியில் இருந்தவளுக்கு ஒன்பது. நாலு வருஷக்காரிக்கு முப்பத்து நாலு. இரண்டு வருஷம் முன்னால் மருமகளாக இந்த ஊருக்கு வந்த பெண்ணுக்கு அறுபத்தொன்று. வாசலில் உட்கார்ந்து கூடு எடை போடும் மேஸ்திரி, தண்ணீரில் கையே வைக்காதவர், அவருக்குத் தொண்ணூற்றேழு.

அட்டையைப் பார்த்தபடி அவள் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாங்கம்மா? வெந்நிக்கும் வெளிச்சத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்றாள் பூங்காவனம்.

காவேரிக்கு இதை எத்தனையோ மேடைகளில் படம் போட்டு விளக்கிப் பழக்கம். இப்போது வார்த்தைக்குத் தடுமாறினாள்.

"கோயிலை எல்லாரும் வலமாச் சுத்தறாங்கன்னு வெச்சுக்குங்க. தூரத்துல இருந்து பார்த்தாக்கூட ஒரு போக்கு தெரியும் இல்லையா? அதைத்தான் கருவி பார்க்குது. பொட்டுக்குள்ள இருக்கற ஒவ்வொரு துணுக்கும் அப்படி வலமாச் சுத்தற ஆள் மாதிரி. ரொம்ப நாள் ரொம்பச் சூடு பட்டா, அதுல ஒண்ணு ரெண்டு முறுக்கு மாறி இடமாத் திரும்பிடும். இன்னும் நாள் போனா இன்னும் கொஞ்சம். கடைசியில பாதிப் பேர் வலம், பாதிப் பேர் இடம். ஆளு ஒருத்தரும் குறையல. போக்குதான் இல்ல."

"கள்ளப்பொட்டும் அதே மாதிரிதானே, பாதிக்குப் பாதி?"

"ஆமா."

"அப்ப எங்களுக்கும் கள்ளப்பொட்டுக்கும் உங்க மிசினுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாது" என்றாள் காவேரி. "ஆனா கள்ளப்பொட்டு குத்தற அன்னைக்கே சுழியம். அறுபத்தொண்ணு, முப்பத்து நாலு, ஒன்பதுன்னு படிப்படியா இறங்காது. இறங்குதுன்னா அது ஒருகாலத்துல நூறா இருந்ததுன்னு அர்த்தம். உங்க எல்லாருடையதும் நல்ல பொட்டு. வேலை செஞ்சதால போச்சு."

இரண்டு வருஷக்காரி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தொட்டிக்குள் விட்டாள். வேறென்ன செய்வாள்.

காவேரிக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அது வந்தபோது அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. போலிகள் கிடைக்கும் இடங்களை அலுவலகத்தில் ஒரு வரைபடத்தில் குறித்திருந்தார்கள். எட்டு மாதம் முன்பு அதில் சில ஊர்கள் சிவந்து தெரிந்தன. பண்ருட்டி முந்திரி வறுக்கும் பகுதி. திருப்பூர் சாயப்பட்டறைகள். பாலக்கோடு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இதெல்லாம் சூட்டில் வேலை செய்யும் ஊர்களாயிற்றே என்று அவளுக்கு உறைத்தது. உறைத்ததைத் தள்ளிவிட்டு, கோப்பில் இப்படி எழுதினாள்: ஏழைத் தொழிலாளிகளைக் குறிவைத்துப் போலிக் கும்பல் இயங்கலாம், காவல்துறை விசாரிக்க வேண்டும். தன் சாயத்தைச் சந்தேகிப்பதைவிடத் தன் ஊரைச் சந்தேகிப்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் செயலாளருக்குப் போன் போட்டாள். பழைய செயலாளர் ஓய்வுபெற்று இப்போது வேறொருவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம், உங்க அக்கா விஷயம். ஆனா நீங்க இப்ப துக்கத்துல இருக்கீங்க. நிதானமா ஒரு குழு போட்டுப் பார்ப்போம்."

"திங்கக்கிழமை வழக்கு இருக்கு சார். நான் எழுதிக் குடுத்தா முப்பத்தோரு பேரையும் விட்டுடுவாங்க."

"நீங்க எழுதிக் குடுத்தா ஆறு கோடிப் பொட்டும் சந்தேகத்துக்கு வந்துடும். எந்தக் கடையிலயும் எந்த ஆஸ்பத்திரியிலயும் எதையும் நம்ப முடியாது. ஆராய்ச்சியையும் சேர்த்தா முப்பது வருஷம் நீங்க கட்டினது. அந்தப் பொம்பளைங்களுக்குப் புதுப்பொட்டு குத்தி, வழக்கைச் சத்தமில்லாம முடிச்சுடலாம். உங்க கையெழுத்துல எந்தக் காயிதமும் வர வேணாம்."

"புதுப்பொட்டும் அதே தொட்டிக்குள்ளதான் போகும் சார்" என்று சொல்லிவிட்டுக் காவேரி போனை வைத்தாள். தைரியமாகப் பேசிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். அந்தச் சாயத்தைத் தவிர வாழ்க்கையில் அவளிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை. அக்கா இருந்தாள், அவளும் இப்போது இல்லை.

அதோடு, அந்த ஒரு கேள்வி விடாமல் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அக்கா ஏன் சொல்லவில்லை? வாரம் தவறாமல் போனில் பேசினார்களே. மழை பெய்ததா, முருங்கை காய்த்ததா என்று பேசினார்களே. கடைசியாகப் பேசியபோது காவேரி, "வர வர உன் குரலே எடுபட மாட்டேங்குது, சாப்பிடறியா இல்லையா?" என்று அதட்டினாள். "எனக்கு என்னாடி, நீ ஒடம்பப் பாத்துக்க" என்றாள் மாதம்மாள். தன்மேல் கோபமா? தங்கச்சி ஆபீஸ்காரியாகிவிட்டாள் என்ற விலகலா? கோபம் என்று தெரிந்தால்கூட ஆறுதலாக இருக்கும்போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பால் தெளித்துவிட்டு வந்ததும், அக்காவின் தகரப்பெட்டியைத் திறந்தார்கள். புடவைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்க வேண்டியிருந்தது. பூங்காவனமும் கூட இருந்தாள். அடியில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு. காவேரி விடுதியிலிருந்து எழுதிய இன்லேண்டு கடிதங்கள். மாதம்மாளுக்கு எழுத்துக்கூட்டவும் வராது. பக்கத்து வீட்டில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டோடு கட்டாக, நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாளும் இருந்தது.

காவேரி பிரித்தாள். மாதிரி எண் என்று நீளமாக ஓர் எண். புரி மதிப்பு: 0. முடிவு: போலி. கீழே, தலைமை ஆய்வாளர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே, நீல மையில் கையெழுத்து. காவேரி என்று தமிழில். 'ரி'யின் சுழியை வளைத்து, பெயருக்கு அடியில் கோடாக இழுத்துவிடும் அதே பாணி.

ரேஷன் இயந்திரம் இரண்டு தடவை சுழியம் காட்டினால், விரலிலிருந்து துளித் தோலைச் சீவி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எண் மட்டும்தான். யார் எவர் என்று தெரிந்தால் மனசு சாயும் என்று அந்த விதியை வைத்தவளே காவேரி. முடிவை மனுஷக் கைதான் எழுத வேண்டும், இயந்திரம் அச்சடித்துத் தள்ளக் கூடாது என்று சொன்னவளும் அவள்தான். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தாள். தேநீர் ஆறுவதற்குள் போட்டு முடித்துவிடுவாள்.

"மாதேஷ், இது வந்தப்ப நீ இருந்தியா?"

"இல்ல சின்னம்மா, நான் குஜராத் லோடுல இருந்தேன். திரும்பி வந்து கேட்டப்ப அம்மா காயிதத்தையே காட்டல."

"நான் இருந்தேன்" என்றாள் பூங்காவனம்.

அவள் ஒரு புடவையை மடித்துக்கொண்டே பேசினாள். காவேரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு வந்ததையும் மாதம்மாக்காவுக்கு வந்ததையும் ஒண்ணாத்தான் குடுத்துட்டுப் போனாங்க. போஸ்ட்மேனே படிச்சுச் சொல்லிட்டாரு. அக்கா வாங்கி, எழுத்தெல்லாம் பார்க்கல, அதுக்கு என்னா தெரியும். அடியில இருந்த கையெழுத்தைத்தான் பார்த்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு. 'இது எந்தங்கச்சி கையெழுத்து. பள்ளிக்கூடம் போறப்ப கூட்டுத் தட்டுல கரிக்கட்டையால போட்டுப் போட்டுப் பழகுவா, எனக்குத் தெரியாதா'ன்னுச்சு."

காவேரி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"தப்பா வந்திருக்கும்க்கா, போன் பண்ணுன்னு நானே சொன்னேன். அதுக்குச் சொல்லுச்சு, 'அவ ஒண்ணுக்குப் பத்து தடவ பார்க்காம எழுத மாட்டா. அவளே எழுதியிருக்கான்னா எங்கையிலதான் என்னமோ ஆயிருக்கு. அவ குத்துன பொட்ட நான்தான் சரியா வெச்சுக்கல'ன்னுச்சு. அன்னைக்கே துணியச் சுத்திக்கிச்சு."

மாதேஷ் எழுந்து வெளியே போய்விட்டான்.

"அப்புறம்?" என்றாள் காவேரி. அவளுக்குக் கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்புறம் என்னா. தொண்ணூறு நாளைக்குள்ள எதிர்த்து மனு போடலாம்னாங்க. முப்பத்தோரு பேரும் சேர்ந்து எழுதி வாங்கினோம். மொதல்ல மூத்தவங்க, மாதம்மாக்கா கைநாட்டு வெக்கட்டும்னு கொண்டுபோனோம். 'எந்தங்கச்சி எழுதுனது தப்புன்னு நான் வெரல் வெக்க மாட்டேன். அவ பேரு கெட்டுரும்'னுச்சு. அது வெக்கலன்னு நாங்களும் வெக்கல. நாளு ஓடிப்போச்சு."

புடவையை மடித்து முடித்து, பெட்டியின்மேல் வைத்தாள். "உங்களக் கொற சொல்லணும்னு சொல்லல. கேட்டீங்க, சொன்னேன்."

காவேரி அழுதாள். முந்தாநாள் பந்தலில் அழுதது வேறு அழுகை. அது அக்கா போனதற்கு. இது அவளைத் தானே கொன்றதற்கு. அந்தத் தாளில் யாருடைய பெயரும் இல்லை என்பது ஒருகாலத்தில் அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. அத்தனை எண்களுக்கு நடுவில் அக்கா ஓர் எண்ணாக அவள் மேஜைக்கு வந்து, காத்திருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறாள்.

மத்தியானம் அவள் கொட்டகைக்குப் போனாள். மேஸ்திரியிடம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, எடைத்தராசு மேடையில் வைத்து எழுதினாள். நீதிமன்றத்துக்கு என்று ஆரம்பித்து, தான் செய்த சாயம் சூட்டில் கெடும் என்றும், அதைத் தான் சரியாகச் சோதிக்கவில்லை என்றும், சந்தேகம் வந்தபோதும் மறைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றும், இந்த முப்பத்தொரு பேரில் யாரும் கள்ளப்பொட்டு குத்தவில்லை என்றும் எழுதினாள். அட்டையில் குறித்த எண்களை வரிசையாகச் சேர்த்தாள். முப்பத்திரண்டாவதாக, மா. மாதம்மாள், இறந்துவிட்டார், இவர் பொட்டை நானே குத்தினேன், அது நல்ல பொட்டு என்று எழுதும்போது பேனா நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள்.

"திங்கக்கிழமை நானும் கூட வந்து சொல்றேன்" என்று தாளை நீட்டினாள். "அதுக்கு முன்னாடி ஏதாவது ஆகி என்னை வரவிடாமப் பண்ணாலும், இது உங்க கையில இருக்கட்டும்."

பூங்காவனம் ஈரக்கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த தன்னுடைய பழைய தாளைப் பிரித்தாள். போலி என்று வந்த தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, கீழே இருந்ததை மட்டும் மாறி மாறிப் பார்த்தாள். 'ரி'யின் சுழி வளைந்து, பெயருக்கு அடியில் கோடாக ஓடுவதைத் தன் வெந்த விரலால் தடவிப் பார்த்தாள்.

"அதே கையெழுத்துதாங்க" என்றாள்.

"ஆமா."

"ஒண்ணு பொய்யி, ஒண்ணு நெசம்."

காவேரி தலையசைத்தாள். இதை நம்புங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

பூங்காவனம் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்து மடித்தாள்.

"மாதம்மாக்கா இருந்திருந்தா நம்பியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவற்றைச் சுருக்குப்பைக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டியைப் பார்க்கப் போனாள்.